மோட்டார் வண்டியின் முதுகெலும்பு

கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் விந்தையான வண்டி ஒன்றைச் சில வேளைகளில் நீங்கள் கண்டிருக்கலாம். அதற்குக் கூரை இல்லை. பக்கச் சுவர் இல்லை. பயணிகள் அமர இருக்கைகளும் இல்லை. நீண்ட எஃகுச் சட்டம், எஞ்சின், சக்கரங்கள், ஓட்டுநருக்கு ஓர் இருக்கை ஆகியவை மட்டுமே உண்டு. வெயிலையும் காற்றையும் பொருட்படுத்தாமல் ஓட்டுநர் அதனைப் பேருந்துக் கூடு கட்டும் பட்டறைக்குக் கொண்டு செல்கிறார். இந்நிலையிலுள்ள வண்டியையே 'சேஸிஸ்' என்கிறோம். கூடு பின்னர் வருவது. சுமை முழுவதையும் தாங்குவது இந்தச் சட்டமே.

சட்டத்தின் அமைப்பு ஏணியை ஒத்தது. நெடுக இரண்டு உத்திரங்கள், அவற்றை இணைக்கக் குறுக்கே பல கட்டைகள், எல்லாம் எஃகு. இதனைத் தாக்கும் விசைகளுள் முக்கியமானவை இரண்டு. சுமையின் பாரம் சட்டத்தை வளைக்க முயல்கிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது, ஈரத்துணியைப் பிழிவதுபோல் அந்தப் பாரமே சட்டத்தை முறுக்கவும் முயல்கிறது.

இதனை நீங்களே சோதித்தறியலாம். தடித்த அட்டை ஒன்றைத் தமிழ் எழுத்தாகிய 'ப'வின் வடிவில் மடித்து, இரு முனைகளையும் பற்றி முறுக்குங்கள், எளிதில் முறுகும். பிறகு திறந்த பக்கத்தையும் அட்டையால் மூடி ஒட்டிப் பெட்டிபோல் ஆக்கி முறுக்குங்கள், எளிதில் இடங்கொடாது. லாரிச் சட்டத்தின் உத்திரங்கள் பெரும்பாலும் 'ப' வடிவிலேயே அமைந்திருக்கும். மேடுபள்ளங்களில் சட்டம் சிறிது முறுகிக் கொடுத்தால்தான் எல்லாச் சக்கரங்களும் தரையைப் பற்றி நிற்கும் என்பது ஒரு காரணம். விரைந்து செல்லும் காருக்கோ விறைப்பு வேண்டும்; ஆகவே அங்கே மூடிய பெட்டி வடிவமே ஏற்றது.

ஆதியில் கார்களும் ஏணிச் சட்டத்தின் மீதே கட்டப்பட்டன. 1922-இல் இத்தாலி நாட்டின் லான்சியா நிறுவனம் 'லாம்ப்டா' என்னும் காரை வெளியிட்டது. அதில் தனிச் சட்டம் இல்லை. உடலே சட்டமாக அமைந்தது. நண்டைப் பாருங்கள், அதன் உடலுக்குள் எலும்பில்லை, ஓடே எலும்பு. 1957-இல் நம் நாட்டில் உற்பத்தியாகத் தொடங்கிய அம்பாஸிடர் காரும் இவ்வகையினதே. இன்று பெரும்பாலான கார்கள் இவ்வாறே செய்யப்படுகின்றன. எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி வடிவமைக்கின்றனர். இரு தகடுகளைச் சேர்த்துச் செப்பு முனைகளால் அழுத்தி மின்சாரத்தைப் பாய்ச்சினால், அவை அவ்விடத்தில் உருகி ஒட்டிக்கொள்கின்றன. ஒரு காரின் உடலில் இத்தகைய பற்றவைப்புப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

"பழைய வண்டி இரும்பாய் நிற்கும், இக்காலத்து வண்டி தொட்டால் நசுங்குகிறது" என்று பெரியவர்கள் சிலர் குறைகூறக் கேட்டிருப்பீர்கள். அக்குறை நியாயமானதுதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதுகிறது. அதன் முன்புறம் 10 சென்டிமீட்டர் மட்டுமே நசுங்கினால், வேகம் சீராகக் குறைவதாகக் கொண்டாலும், தாக்குதல் புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 115 மடங்காகும். 60 சென்டிமீட்டர் நசுங்கினால் அது 19 மடங்காகக் குறைகிறது. நசுங்கும் தகடு வீணாகவில்லை. நம் உடல் ஏற்கவேண்டிய அடியைத் தான் ஏற்றுக்கொள்கிறது.

இவ்வுண்மையை வண்டியமைப்பில் புகுத்தியவர் மெர்ஸிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரெனி. முன்னும் பின்னும் நசுங்கக்கூடியதாகவும், மனிதர் அமரும் நடுக்கூண்டு உறுதியானதாகவும் இருக்கவேண்டும் என்ற கருத்துக்கு அவர் 1951-இல் காப்புரிமை கோரினார். 1959-இல் அம்முறையில் அமைந்த கார் விற்பனைக்கு வந்தது. இக்காலத்தில் கூண்டின் தூண்களுக்கெனத் தனி எஃகு உண்டு. அதனைச் செந்தணலாகக் காய்ச்சி, குளிர்ந்த அச்சில் அழுத்தி, சாதாரண எஃகினும் பன்மடங்கு வலிமை பெறச் செய்கின்றனர்.

2009-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 1959-ஆம் ஆண்டின் செவர்லே 'பெல் ஏர்' காரையும், 2009-ஆம் ஆண்டின் செவர்லே 'மாலிபு' காரையும் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டனர். தோற்றத்தில் திடமான பழைய காரின் கூண்டு ஓட்டுநர்மீது சரிந்தது. மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருப்பது அரிது. புதிய காரின் முகம் சிதைந்தது; கூண்டு நிலைத்து நின்றது. அதன் ஓட்டுநர் காலில் சிறு காயத்துடன் தப்பியிருப்பார்.

எங்கே உறுதி வேண்டும், எங்கே நெகிழ்வு வேண்டும் என்று பகுத்தறிவதே சட்டம் அமைக்கும் கலை. இன்னும் ஒன்று. கார் 60 சென்டிமீட்டரில் நின்றாலும், அதனோடு பிணைக்கப்படாத மனிதர் பழைய வேகத்திலேயே முன்னே பாய்வார். ஆகவே, பொறியாளர் அரிதின் முயன்று தேடித்தந்த அந்த அரை மீட்டர், இருக்கை வார் அணிந்தவருக்கே முழுமையாகப் பயன்படும்.