தொட்டியைக் கழற்றுமுன்

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள பழைய ஒற்றைமாடி வீடுகளில் குளியலறை ஏறத்தாழ ஒரே அச்சில்தான் இருக்கும். 1950களிலும் 60களிலும் கட்டப்பட்டவை. கதவைத் திறந்தால் கைகழுவும் பேசின், பக்கத்தில் கொமோட், கடைசிச் சுவரை ஒட்டி ஐந்து அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட குளியல்தொட்டி. தொட்டிக்கு மேலே சின்னதாக ஒரு யன்னல்.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, இரண்டு வேலை பார்த்து, இந்த வீடுகளை வாங்கிய தலைமுறைக்கு அப்போது முப்பது வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் ஊரிலிருந்து கூப்பிட்டு வைத்துக்கொண்ட தாய் தகப்பனோ தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களில் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் படுத்துக் குளிப்பவர்கள் மிகக் குறைவு. பதினான்கு, பதினைந்து அங்குல உயரச் சுவரை ஒரு காலில் நின்றபடி தாண்டி உள்ளே போய், வழவழப்பான எனாமலில் நின்று குளித்துவிட்டு, நனைந்த காலோடு அதே சுவரைத் தாண்டி வெளியே வருகிறார்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து முழுகும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தத் தொட்டி எப்படி வழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கனடாவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் ஆண்டுதோறும் ஒருமுறையாவது விழுகிறார்கள் என்பது பொதுச் சுகாதாரத் துறையின் கணக்கு. முதியவர்கள் காயத்தால் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முதற் காரணம் இந்த விழுகைதான். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு குளியலறைக் காயங்களுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 34 ஆயிரம் பேர். ஐந்தில் நான்கு பேர் விழுந்தவர்கள். இடுப்பெலும்பு முறிந்த பிறகு தொட்டியை உடைக்க ஆள் தேடும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். அதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நடந்து உள்ளே போகக்கூடிய ஷவர் வைப்பது நம் முதியவர்களுக்குப் புதிய பழக்கம் எதையும் கேட்காது. யாழ்ப்பாணத்துக் கிணற்றடியும் சீமெந்துத் தளமும், தண்ணீர் ஓட ஒரு வாய்க்காலும், குந்தியிருக்க ஒரு கல்லுமாகத்தானே இருந்தது? கதிரையில் உட்கார்ந்து, கையில் பிடிக்கும் ஷவரால் ஊற்றிக்கொள்வது கிட்டத்தட்ட அதே குளிப்புத்தான்.

ஆனால் காசை எங்கே செலவழிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கடைக்குப் போய்ப் பளபளக்கும் பெரிய ரைல்ஸ், கண்ணாடிக் கதவு, மழைபோல் கொட்டும் ஷவர் எல்லாம் தெரிவு செய்துவிட்டு, சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் நடக்கும் வேலையை மலிவாக முடிக்கச் சொல்கிறார்கள். பழைய வீட்டில் இது தலைகீழாக இருக்க வேண்டும். முதற் காசு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கே போக வேண்டும்.

தொட்டியைக் கழற்றுவதிலிருந்தே பார்க்கலாம். பழைய வார்ப்பிரும்புத் தொட்டி நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ இருக்கும். முழுதாகத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது ஆபத்து. மேலே தடித்த போர்வை போட்டு, கண்ணாடியும் காதடைப்பும் அணிந்து, சம்மட்டியால் துண்டு துண்டாக உடைத்துத்தான் எடுப்பார்கள். அதற்கும் முன்பு ஒரு வேலை இருக்கிறது. 1990க்கு முன் கட்டிய வீடென்றால் தரை வினைல், அதன் பசை, சுவர்ப் பூச்சு ஆகியவற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். கனடா அதை 2018இல்தான் தடைசெய்தது. ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்க்காமல் இடித்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும்.

தொட்டி போன பிறகு தெரிவதுதான் வீட்டின் உண்மையான நிலை. யன்னலின் அடிக்கட்டையில் அறுபது வருடமாக ஷவர்த் தண்ணீர் தெறித்திருந்தால் மரம் உக்கிப்போயிருக்கும். சுவருக்குள் பூஞ்சணம் படர்ந்திருக்கும். பழைய பிளம்பர்கள் குழாய் கொண்டுபோவதற்காகத் தரைத் தீராந்திகளைப் பாதிவரை வெட்டிவிட்டிருப்பார்கள். இதையெல்லாம் மூடிவிட்டு மேலே ரைல் ஒட்டுவதில் பயனில்லை. ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். பழைய தொட்டிக்கு மேலேயே அக்ரிலிக் உறை போட்டுத் தருகிறோம், தொட்டிச் சுவரில் ஒரு வாசல் வெட்டித் தருகிறோம் என்று வருபவர்களும் உண்டு. செலவு குறைவுதான், ஆனால் உள்ளே உக்கியது அப்படியே இருக்கும்.

அடுத்தது கழிவுக் குழாய். தொட்டிக்கு ஒன்றரை அங்குலக் குழாய் போட்டிருப்பார்கள். தண்ணீர் மெதுவாக வடிந்தாலும் தொட்டி அதைப் பிடித்து வைத்திருக்கும். ஷவர்த் தளத்துக்கு அந்த ஆழம் கிடையாது. தலைமயிரும் எண்ணெயும் அடைத்தால் தண்ணீர் நேரே அறைக்குள் வரும். தரை திறந்திருக்கும்போதே இரண்டு அங்குலமாக மாற்றிவிடுவது நல்லது. குழாயின் இடத்தை மாற்றுவதென்றால் நகரசபையின் அனுமதி பற்றி முதலில் விசாரியுங்கள்.

எல்லோரும் கேட்பது வாசற்படியே இல்லாத, சமதளமான ஷவர். சக்கர நாற்காலி வரும் வீட்டுக்கு அதுதான் சரி. ஆனால் தண்ணீர் வடிய அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வேண்டும். அந்த ஆழத்தை மரத்தளத்தில் எங்கிருந்து எடுப்பது? தீராந்திகளைச் செதுக்கி எடுத்தால் தரை பலவீனமாகும். பொறியியலாளர் ஒருவர் பார்க்காமல் அதில் கைவைக்கக் கூடாது. நடக்கக்கூடிய முதியவருக்கு, தொட்டியின் அதே ஐந்தடி இடத்தில் அமரும், மூன்று நான்கு அங்குல விளிம்புள்ள ஆயத்தத் தளம் போதும் என்பது என் முடிவு. பதினைந்து அங்குலத்தைத் தாண்டியவர் மூன்றைத் தாண்டுவார். வீடும் பிழைக்கும்.

ரைலும் அதன் இடைச்சாந்தும் தண்ணீரைத் தடுக்கும் என்று நினைப்பவர்கள் பலர். இரண்டையும் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும். காப்பது அவற்றுக்குப் பின்னால் ஒட்டும் நீர்புகாப் படலம்தான். ரைல் ஒட்டுகிற தளமென்றால், ஒட்டுமுன் வடிகாலை அடைத்துத் தளத்தில் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விடச் சொல்லுங்கள். மறுநாள் கீழே பேஸ்மன்ட் கூரையில் ஈரம் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

பழைய வீடுகளில் வெந்நீருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என இரண்டு திருகு இருக்கும். யாராவது கொமோட்டை அமுக்கினால் குளிர்நீர் குறைந்து ஷவரில் கொதிநீர் வரும். முதியவர் துள்ளி விலகுவார், அங்கேதான் விழுவார். சுவர் திறந்திருக்கும்போது வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் வால்வைப் போடுங்கள். குளிக்கும் குழாயில் வரும் வெந்நீர் 49 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது என்கிறது ஒன்ராறியோக் கட்டட விதி.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். துவாய் போடும் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கம்பி நனைந்த சுவரில் நம்பத்தக்கதல்ல. சுவரை மூடுமுன் உட்சட்டங்களுக்கு நடுவே தடித்த பலகை அடித்து, அதில்தான் கம்பியைத் திருக வேண்டும். எங்கே பூட்டுவது? அம்மாவை அந்த இடத்தில் நிற்க வைத்துக் கையை நீட்டச் சொல்லுங்கள். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்தவர் என்றால் பலமான கைப் பக்கம் ஒன்று கட்டாயம். பலகை எங்கே இருக்கிறது என்று படம் எடுத்து வைத்தால் பின்னர் இன்னொரு கம்பி பூட்ட உதவும்.

தரைக்குப் பளிங்கு வேண்டாம். இரண்டு அங்குலச் சிறு ரைல்கள் இடைக்கோடுகளால் காலைப் பிடிக்கும். கண்ணாடிக் கதவைவிடத் திரைச்சீலை மேல், உதவிக்கு ஒருவர் கூட நிற்கலாம். பேரப்பிள்ளைகள் குழந்தைகளாக இருந்தால், இரண்டாவது குளியலறையில் ஒரு தொட்டியை விட்டுவையுங்கள்.

இந்தச் செலவுக்கு ஓர் உதவியும் உண்டு. மத்திய அரசின் வீட்டு அணுகல் வரிச்சலுகையில் 2022 முதல் ஆண்டுக்கு 20,000 டொலர் வரையான செலவைக் காட்டலாம். 65 வயது நிறைந்தவருக்கும், இயலாமை வரிச்சலுகைக்குத் தகுதியானவருக்கும் உரியது. சில நிபந்தனைகளுடன், பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளையும் கோரலாம். வெறும் அழகு வேலை இதில் சேராது. கட்டவேண்டிய வரியைத்தான் இது குறைக்கும், வரி கட்டாதவருக்குக் காசாகக் கைக்கு வராது. உறவினர் செய்த வேலையென்றால், அவர் எச்எஸ்ரி விற்பனைவரிப் பதிவு வைத்திருந்தால் மட்டுமே கணக்கில் வரும். காசாகக் கொடுத்தால் குறைத்துச் செய்கிறேன் என்பவரிடம் சலுகையும் போகும், வேலை ஒழுகினால் கேட்க ஆதாரமும் இருக்காது. ரசீது தராதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.