வீட்டுக் கணக்கு – 11: மூன்று பை, ஒரே சட்டை

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவின் கடைசி வீட்டு மாமா, அரசுப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நாமினி பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, மறுநாள் காலையிலேயே ஒரு துணிப்பையுடன் வந்தார். பாஸ்புக்குகள், ட்ரஷரி டெபாசிட் ரசீதுகள், கே.எஸ்.எஃப்.இ. சிட்டிப் புத்தகம் இரண்டு என்று திண்ணை முழுக்கப் பரப்பினார்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் பிரிச்சுத்தான் போட்டிருக்கேன். ஒரே இடத்துல வைக்கலே. சரிதானே?" என்றார்.

ஒரு முழுத்தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். இடப்பக்கம் பணம் இருக்கும் இடம். நடுவில் தொகை. வலப்பக்கம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: இதைத் திருப்பித் தர வேண்டியவர் யார்?

பென்ஷன் ட்ரஷரிக் கணக்கில் விழுகிறது. தருவது கேரள அரசு. ஃபிக்ஸட் டெபாசிட் ட்ரஷரியில்; தர வேண்டியது கேரள அரசு. சிட்டி, அதாவது சீட்டு, நடத்துவது 1969-இல் தொடங்கிய கே.எஸ்.எஃப்.இ.; அதன் முழுப் பங்கும் கேரள அரசுடையது. தாளின் வலப்பக்கத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பேனாவை மூடிவிட்டு மாமா வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பை மூன்று இருந்தாலும், அவை மூன்றும் தைக்கப்பட்டிருந்த சட்டை ஒன்றுதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. நமக்கு ட்ரஷரி, அதாவது கருவூலம், என்றால் அரசு பில் பாஸ் செய்யும் இடம். கேரளத்தில் அது சேமிப்பு வங்கியும்கூட. பொதுமக்கள் யாரும் அங்கே கணக்குத் தொடங்கலாம், டெபாசிட் போடலாம். அந்தப் பணம் அரசின் பொதுக் கணக்கில் சேர்கிறது. அன்றாடச் செலவுக்கு அரசு அதைப் புரட்டிக்கொள்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடு இதற்குக் கிடையாது. அரசின் வாக்குறுதிதான் காப்பு.

இந்த ஊரில் அந்த வாக்குறுதிக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குப் பழைய காரணம் உண்டு. 1938 ஜூனில் டிராவன்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கதவை மூடியது. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்று அது; இரண்டு வங்கிகள் ஒன்றாகி ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை. திவான் சி.பி. ராமசாமி ஐயரின் காலம். அதற்குப் பிறகு 1945-இல் சமஸ்தானத்தின் ஆதரவோடு திருவிதாங்கூர் வங்கி வந்தது. 1960-இல் ஸ்டேட் பாங்க் ஆஃப் டிராவன்கூர் என்று பெயர் மாறி, பூஜப்புரையைத் தலைமையகமாகக் கொண்டு இயங்கி, 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பாங்கோடு கலந்துவிட்டது. தனியார் கை ஆபத்து, சர்க்கார் கை பத்திரம் என்ற எண்ணம் இங்கே பல வீடுகளில் தாத்தா சொல்லி வந்தது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே மாவட்டத்தில் கண்டலா கூட்டுறவு வங்கியில் பணம் போட்டவர்கள் அதைத் திரும்ப எடுக்க முடியாமல் 2023-இல் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு ட்ரஷரி கோவில் மாதிரிதான் தெரியும்.

ஆனால் 2024 மார்ச் மாதத்தை மாமாவுக்கு நினைவுபடுத்தினேன். அரசு ஊழியர்களின் சம்பளம் ட்ரஷரிக் கணக்கில் வரவு காட்டியது; முதல் நாட்களில் எடுக்க முடியவில்லை. பிறகு ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். தலைமைச் செயலக வாசலில் ஊழியர்கள் போராடினார்கள். சில நாட்களில் சரியாகிவிட்டது. யாருடைய பணமும் போகவில்லை. பணம் கிடைக்காமல் போவது வேறு, வேண்டிய நாளில் கிடைக்காமல் போவது வேறு. எழுபது வயதில், ஆஸ்பத்திரி கவுண்டரில் நிற்கும்போது, இரண்டாவதும் பெரிய கஷ்டம்தான்.

இன்னொன்றும் சொன்னேன். மாநிலம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்று மத்திய அரசு வரம்பு கணக்கிடும்போது, பொதுக் கணக்கில் சேரும் இந்த டெபாசிட்டுகளையும் கடனாகவே எண்ணுகிறது. அதை எதிர்த்துக் கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. டில்லியில் நடக்கும் அந்த வழக்கு, மாமாவின் துணிப்பையில் இருக்கும் ரசீது பற்றியதும்தான். இது அவருக்கு அதுவரை தெரியாது.

டெபாசிட்டை முறிக்க வேண்டாம் என்றேன். முதிரும்போது பாதியை மட்டும் மாற்றினால் போதும். பென்ஷன் என்பதே ஆயுள் முழுக்க மாநில அரசு தரும் வட்டி மாதிரி. அதற்கு மேல் அதே தோளில் எவ்வளவு சுமை ஏற்றுவது என்பதுதான் கேள்வி. புளிமூடு தலைமைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. தர வேண்டியவர் மத்திய அரசு. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. வட்டிக்கு வரி உண்டு. மாமி பெயரில் தனியாக ஒன்று போட்டால் அவருக்கென்று தனி வரம்பு கிடைக்கும்.

சிட்டியில் எனக்கு வேறு கருத்து. மகள் கல்யாணத்துக்கென்று போட்ட பழக்கம், கல்யாணம் முடிந்து பல வருடம் ஆன பிறகும் தொடர்கிறது. ஒரு குறிப்பிட்ட சமயத்தில் மொத்தமாகப் பணம் தேவைப்படுபவருக்குச் சிட்டி அருமையான ஏற்பாடு. ஏலத்தில் தள்ளிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தேவையும் இல்லாமல் கடைசிவரை காத்திருப்பவருக்கு, மற்றவர்கள் தள்ளியதில் கிடைக்கும் பங்குதான் லாபம். ஓடுவது ஓடி முடியட்டும், புதிதாகச் சேர வேண்டாம் என்றேன். மாமா அரை மனதாகத் தலையாட்டினார்.

பையின் அடியில் இன்னொரு பாஸ்புக் இருந்தது. டொராண்டோவில் இருக்கும் மகன் போகும் முன் இங்கே தொடங்கிய பி.பி.எஃப். அன்று இரவு வீடியோவில் அவனையும் கூப்பிட்டோம். அவனிடமும் அங்கே இரண்டு கணக்கு. ஆர்.ஆர்.எஸ்.பி. 1957-இல் வந்த ஓய்வுக்கால சேமிப்பு: போடும்போது வரிச்சலுகை, எடுக்கும்போது வரி. டி.எஃப்.எஸ்.ஏ. 2009-இல் வந்தது: வரி கட்டிய பணத்தைப் போட வேண்டும், வளர்ந்ததற்கும் எடுப்பதற்கும் வரியில்லை. இரண்டிலும் ஒரே அமெரிக்கப் பங்கு ஃபண்டை வாங்கி வைத்திருந்தான்.

ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் வைப்போம், பித்தளையில் வைத்தால் களிம்பேறும். எந்தக் கணக்கில் எதை வைப்பது என்பதும் அப்படித்தான். அமெரிக்கச் சந்தையில் உள்ள ஃபண்டை நேரடியாக ஆர்.ஆர்.எஸ்.பி.-யில் வைத்தால், கனடா–அமெரிக்க ஒப்பந்தப்படி டிவிடெண்டில் அமெரிக்கா வரி பிடிப்பதில்லை. அதையே டி.எஃப்.எஸ்.ஏ.-வில் வைத்தால் 15 சதவீதம் பிடிக்கிறது. அங்கே கனடா ஃபண்டை வைக்கலாம்.

அவனை யோசிக்க வைத்தது வேறு. ஒரு நாட்டின் வரிவிலக்கு எல்லை தாண்டினால் செல்லாது. பி.பி.எஃப். வட்டிக்கு இங்கே வரியில்லை. கனடாவில் குடியிருப்பவன் அதை ஆண்டுதோறும் வருமானமாகக் காட்ட வேண்டும். அவன் காட்டியதே இல்லை. பிற்காலத்தில் கரமனைக்கே திரும்பி இங்கே முழுக் குடியிருப்பாளன் ஆனால், டி.எஃப்.எஸ்.ஏ.-வின் வருமானத்துக்கு இந்தியா வரி கேட்கும். ஆர்.ஆர்.எஸ்.பி. போன்ற ஓய்வுக்காலக் கணக்குக்கு மட்டும் 2021-இல் சேர்த்த 89ஏ பிரிவு ஒரு வழி விட்டது: விருப்பம் தெரிவித்தால், அங்கே பணம் எடுக்கும் வருடத்தில்தான் இங்கேயும் வரி.

"அப்பா, நான் வரதா இல்லையான்னு முதல்ல தீர்மானிக்கணும் போலிருக்கே" என்றான் மகன்.

மாமா அதற்குப் பதில் சொல்லவில்லை. மாமிதான் போனைத் தன் பக்கம் திருப்பி, "அதை நீ மெதுவா யோசி. அந்த வட்டி விஷயத்தை மட்டும் இந்த வாரமே ஆடிட்டர்கிட்ட கேளு" என்றார். மாமா தாளின் கீழே மகனின் மூன்று கணக்குகளையும் எழுதி, வலப்பக்கத்தில் 'இந்தியா', 'கனடா' என்று போட்டார். பிறகு பி.பி.எஃப். பாஸ்புக்கைப் புரட்டி நாமினி பெயரைப் பார்த்தார். மாமாவுடைய அம்மா பெயர் இருந்தது. பாட்டி காலமாகி ஆறு வருடம் ஆகிறது.