பரணில் ஏறிய அண்டா

படூரில் எங்கள் அடுக்ககத்தில் பலர் சிறுசேரி சிப்காட்டுக்கு மென்பொருள் வேலைக்குப் போகிறவர்கள். மாடிவீட்டுத் தம்பிக்கு அதே வேலை வீட்டிலிருந்தே. அவர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய வலைப்பக்கத்தைக் காலையில் திறந்து வைத்தால், சாயங்காலத்துக்குள் லேப்டாப் திணறும். “ரேம் போதலை சார்” என்று கூடுதலாக வாங்கிப் போட்டார். திணறல் இரவு எட்டு மணிக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

ஜாவாஸ்கிரிப்டில் மெமரியை யாரும் கையால் காலி செய்வதில்லை. அதற்கென்று ஒரு கார்பேஜ் கலெக்டர் உண்டு. 1960இல் லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி விவரித்த யோசனை அது. ஆனால் ‘இது இனி தேவைப்படுமா?’ என்று அதற்குக் கேட்கத் தெரியாது. ‘யாராவது இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா?’ என்று மட்டுமே பார்க்கும்.

பிடித்துக்கொள்வதில் க்ளோஷர் கெட்டி. ஒரு ஃபங்ஷனுக்குள் பிறந்த இன்னொரு ஃபங்ஷன், தாய் ஃபங்ஷன் வேலை முடித்துப் போன பிறகும், அதன் மாறிகளை விடாது. அந்தக் குட்டியை, திரும்பத் திரும்ப ஓட்டும் டைமரான செட்இன்டர்வலிடம் கொடுத்தால், க்ளியர்இன்டர்வல் சொல்லும்வரை பிரவுசரே அதைக் காப்பாற்றி வைத்திருக்கும். செட்டைம்அவுட் பரவாயில்லை, ஒருமுறை ஓடியதும் கையை விட்டுவிடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றை 2013இல் மீட்டியர் மென்பொருள் குழுவினர் விளக்கினார்கள். ஒரே ஃபங்ஷனுக்குள் பிறந்த க்ளோஷர்கள் எல்லாம், வெளி மாறிகளுக்குத் தனித்தனி அறை வைத்துக்கொள்வதில்லை. கூட்டுக் குடும்பம் மாதிரி ஒரே பரண். அண்ணனுக்காக ஏற்றிய அண்டாவை அண்ணன் ஒருநாளும் இறக்கவில்லை, அவனே வீட்டை விட்டுப் போய்விட்டான் என்றாலும், தம்பி குடியிருக்கும்வரை அண்டா அங்கேயே இருக்கும். அவர்கள் காட்டிய உதாரணத்தில், ஒருமுறைகூடக் கூப்பிடப்படாத ஒரு ஃபங்ஷன் பழைய பொருளின் பெயரைச் சொன்னதே குற்றம். நொடிக்கு ஒரு புதுப் பொருள், ஒவ்வொன்றும் முந்தையதைப் பிடித்தபடி, ஒரு சங்கிலி. நொடிக்குச் சுமார் 1 எம்பி ஏறியது. வேலை முடிந்ததும் பழைய பொருளைப் பிடித்திருக்கும் மாறிக்கு ‘நல்’ (null) என்று எழுதினால் சங்கிலி அறும்.

மாடிவீட்டுத் தம்பியின் வழக்கு அவ்வளவு நுட்பமில்லை. திரை மாறும்போது டைமரை நிறுத்தவில்லை. திரும்பி வரும்போதெல்லாம் புதிதாக ஒன்று தொடங்கியது. சோதனையில் ஏன் அகப்படவில்லை? எழுதுகிறவர் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ரீஃப்ரெஷ் அடிப்பார். பரண் மொத்தமும் காலியாகிவிடும். நாள் முழுக்க அதே டேப்பில் உட்கார்ந்திருக்கும் கவுன்ட்டர் ஊழியர்தான் முதலில் பார்ப்பார், “சிஸ்டம் ஸ்லோ” என்பார். நாமும் ரேம் வாங்கச் சொல்லுவோம்.