தாரையை நிறுக்கும் துலாக்கோல்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கருகே, பிரான்சு நாட்டெல்லையையும் ஊடுருவி, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கமொன்று நிலத்தடியில் அமைந்துள்ளது. செர்ன் என்னும் ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் அதில் பெரும் ஹாட்ரான் மோதுவியை நிறுவிப் புரோட்டான்களை எதிரெதிராக மோதவிட்டது. அம்மோதலில் தெறிக்கும் குவார்க் தனித்து நிற்கும் இயல்பினதன்று. தோன்றிய கணமே பல துகள்களாகப் பெருகி ஒரு திசை நோக்கிப் பாய்கின்றது. இதனை அறிவியலார் 'ஜெட்' என்பர். நாம் 'தாரை' எனலாம். நீர்த்தாரை என்னும் வழக்கில் பாய்ச்சலும் தொடர்ச்சியும் ஒருங்கே தொனிப்பதால் இச்சொல் பொருந்துவதாகவே நமக்குத் தோன்றுகின்றது.

தாரையின் ஆற்றலை அளந்தாலன்றிக் குவார்க்கின் ஆற்றலை அறிய வழியில்லை. அதற்கெனக் கலோரிமானி என்னும் கருவி உண்டு. உட்புகும் துகள் தன் ஆற்றலை அதன் உலோக அடுக்குகளில் கொட்டி அடங்கும். எனினும் இக்கருவி எல்லாத் துகள்களையும் ஒரே கண்கொண்டு நோக்குவதில்லை. எலக்ட்ரானும் ஒளித்துகளும் தரும் ஆற்றலை ஏறத்தாழ முழுமையாகவே காட்டும். பையான் முதலியவை அணுக்கருவைத் தாக்கும்போதோ, ஆற்றலின் ஒரு பகுதி கருவை உடைப்பதிலேயே செலவாகி, ஒளியாகவோ மின்னாகவோ வெளிப்படாது மறைந்துவிடும். ஆதலின் திருத்தப்படாத அளவு உண்மையினும் குறைந்தே நிற்கும். தாரைக்குத் தாரை துகள்களின் விகிதம் மாறுவதால் அக்குறையும் ஒருபடித்தானதன்று. போதாக்குறைக்கு, ஒரே நேரத்தில் நிகழும் பிற மோதல்களின் துகள்களும் தாரைக்குள் கலந்து கணக்கை ஏற்றிவிடும். அவற்றை முதலில் கழித்தாக வேண்டும்.

அடுத்த திருத்தத்தைக் கணினிக் கணக்கீடு தரும். அக்கணக்கை இயற்கை ஒப்புகின்றதா என்பதே வினா. இங்கே உந்த அழிவின்மை விதி துலாக்கோலாகின்றது. புரோட்டான்கள் குழாயின் நீளவாக்கில் வருவதால், பக்கவாட்டு உந்தம் தொடக்கத்தில் இல்லையென்றே கொள்ளலாம். மோதலில் இசட் போசான் ஒருபுறமும் தாரை மறுபுறமும் தெறித்தால், இரண்டின் பக்கவாட்டு உந்தங்களும் ஈடாக நிற்றல் வேண்டும். இசட் போசான் சிலவேளை இரு மியூவான்களாகச் சிதையும். காந்தப்புலத்தில் அவை வளையும் வளைவைக்கொண்டு அதன் உந்தத்தை நுட்பமாக அறியலாம். இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றைத் திரட்டிச் சராசரி காண்பர்.

இந்தப் படிக்கல்லைச் சோதித்தவர் யார்? மியூவான் அளவீட்டை இசட் போசானின் நிறையைக்கொண்டே சரிபார்க்கின்றனர். 91.19 கிகா எலக்ட்ரான் வோல்ட் என்னும் அந்நிறையைத் துல்லியமாக நிறுவியது, அதே சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை இயங்கிய லெப் என்னும் எலக்ட்ரான் மோதுவி. அதன் கதை சுவையானது. நிலவின் ஈர்ப்பு கடலை மட்டுமன்றி நிலத்தையும் சிறிது உயர்த்துகின்றது. அதனால் 27 கிலோமீட்டர் வளையம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீண்டு சுருங்கியது. அவ்வளவே மாற்றம், எனினும் துகள்களின் ஆற்றல் அதற்கேற்பப் பிறழ்ந்தது. ஜெனீவா ஏரியின் நீர்மட்டமும் தன் பங்கைச் செலுத்தியது. பகலில் தோன்றி நள்ளிரவில் அடங்கிய மற்றொரு பிறழ்ச்சிக்குக் காரணம் 1995-இல் தெளிவாயிற்று. அருகே ஓடிய மின்தொடர் வண்டிகளின் மின்னோட்டம் நிலத்தில் கசிந்து முடுக்கியின் குழாய் வழியே சென்றுகொண்டிருந்தது! இவையனைத்தையும் கணக்கிற் கொண்ட பின்னரே அந்நிறை உறுதிப்பட்டது.

இத்துணை முயற்சி எதற்கு? அமெரிக்காவின் பெர்மி ஆய்வகத்தில் 1995-இல் கண்டறியப்பட்ட டாப் குவார்க்கின் நிறை ஏறத்தாழ 173 கிகா எலக்ட்ரான் வோல்ட். தாரையளவு நூற்றுக்கு ஒன்று பிழைத்தாலும் அந்நிறை ஒரு கிகா எலக்ட்ரான் வோல்ட் அளவிற்கு ஆட்டங்காணும். அங்குள்ள ஆய்வாளர்கள் வேறொரு படிக்கல்லையும் கண்டனர். டாப் குவார்க் சிதையும்போது டபிள்யூ போசான் ஒன்று பிறக்கும். அது பெரும்பாலும் இரு தாரைகளாகப் பிரியும். அவ்விரண்டையும் இணைத்துக் கணக்கிட்டால் டபிள்யூ போசானின் நிறையாகிய 80.4 வருதல் வேண்டும். வாராதாயின் தாரையளவைத் திருத்தி, மீண்டும் டாப் குவார்க்கை நிறுக்கலாம்.