நேரலைப் பாடமும் வலைத்தளக் கலையும்

கல்வி, செவியாற் கொள்வதும் கையாற் பழகுவதும் என இருதிறப்படும். இலக்கணமும் வரலாறும் முன்னதன்பாற்படும். நெசவும் தச்சும் பின்னதன்பாற்படும். இவ்விரு திறத்தையும் ஒருங்கே வேண்டி நிற்பது, இக்காலத்து இளைஞர் பலரும் விரும்பிப் பயிலும் வலைத்தளம் அமைக்கும் கலை. ஆசிரியர் ஓரூரிலும் மாணாக்கர் பல்லூரிலும் இருந்து, இணையத்தின் வாயிலாக ஒரே பொழுதிற் கற்பித்தலும் கற்றலும் நிகழ்த்தும் முறையே நேரலைப் பாடமாம். இக்கலையை அம்முறையாற் பயில்வதன் பயன் யாது, எல்லை யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

வலை என்னும் இவ்வமைப்பு நெடுங்காலத்ததன்று. ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வகத்திற் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989-ஆம் ஆண்டில் இதற்குத் திட்டம் வரைந்தார். 1991-இல் அது வெளியுலகிற்குப் புலனாயிற்று. 1993-இல் செர்ன் நிறுவனம், எவரும் விலையின்றிக் கையாளுமாறு அதனை உலகிற்கு வழங்கிற்று. வலைப்பக்கம் பெரும்பாலும் மூன்று மொழிகளால் ஆவது. எச்.டி.எம்.எல். என்பது, இது தலைப்பு, இது பத்தி, இது படம் என உறுப்புக்களை வகுத்துரைக்கும். சி.எஸ்.எஸ். என்பது அவற்றின் நிறத்தையும் அளவையும் இடத்தையும் வரையறுக்கும். ஜாவாஸ்கிரிப்ட் என்பது, படிப்போர் பொத்தானை அழுத்துங்கால் நிகழவேண்டிய செயலை நிகழ்விக்கும். ஓர் இல்லத்திற்குச் சுவரும், வண்ணமும், விளக்கை எரிக்கும் மின்கம்பியும் போல்வன இவை எனலாம். இவற்றை எழுதிப் பார்ப்பதற்கு வேண்டும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

நிற்க. 2020-ஆம் ஆண்டிற் பரவிய கொரோனாப் பெருந்தொற்றினால் கல்லூரிகள் அடைக்கப்பட்டபொழுது, நேரலைப் பாடம் எங்கணும் பரவிற்று. ஆசிரியர் தம் கணினித் திரையை மாணாக்கர் அனைவர்க்கும் காட்டிக்கொண்டே நிரலை எழுதுவார். மாணாக்கர் தத்தம் கணினியில் அதனை எழுதிப் பார்ப்பர். ஐயம் எழுந்தவழி வாய்மொழியாலோ எழுத்தாலோ வினவுவர். நூலும், முன்னரே பதிவுசெய்த பாடமும் இக்கலையைக் கற்பிப்பனவே. ஆயினும் அவை நம் வினாவிற்கு விடை கூறா. நிரலில் ஓர் அடைப்புக்குறி விடுபடினும் செயல் முழுதும் நின்றுவிடும். தனித்திருந்து கற்போன் அக்குறியைத் தேடி ஓர் இரவு முழுதும் வருந்துவான். நேரலையிலோ, அவன் தன் திரையைக் காட்டிய அளவிலேயே அறிந்தோர் அதனைச் சுட்டிவிடுவர். அன்றியும், ஆசிரியர் எழுதும் நிரலும் சிற்சில வேளைகளிற் பிழைபடுவதுண்டு. அப்பொழுது அவர் பிழைச்செய்தியை எவ்வாறு படிக்கின்றார், எவ்விடத்தை முதலில் ஐயுறுகின்றார், எவ்வாறு திருத்துகின்றார் என்பனவற்றைக் கண்முன் காண்டல் பெரும்பேறாகும். செப்பமாகத் தொகுத்த பதிவுப் பாடங்களிற் பெரும்பாலும் இக்காட்சி நீக்கப்பட்டிருக்கும்.

இதற்கோர் எடுத்துக்காட்டுத் தருவாம். ஒரு சொல்லின் எழுத்துக்களை எண்ணும் முறை ஜாவாஸ்கிரிப்டின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. நூலைக் குறிக்கும் ‘புக்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டால், நான்கு என்று விடை வரும், அது சரியே. ஆனால் ‘தமிழ்’ என்னும் சொல்லை இட்டால் ஐந்து என்று வரும். த, மி, ழ் என மூன்றெழுத்தேயன்றோ நாம் கற்றது? யூனிகோடு முறையில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும் என இரண்டாகவும், ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும் என இரண்டாகவும் வைக்கப்பட்டிருத்தலே இதன் காரணம். இலக்கணம் எண்ணுவது எழுத்தை. கணினி எண்ணுவது குறியை. இவ்வேறுபாட்டை அறியாதான் ஒருவன், பெயரெழுதும் கட்டத்தில் நான்கு குறிகட்குமேல் ஏலாவென்று விதிப்பானாயின், ‘தமிழ்’ என்பது புள்ளியிழந்து ‘தமிழ’ என நிற்கும். எழுத்தாகவே பகுத்தெண்ணுதற்கு இன்டல்.செக்மென்டர் என்னும் கருவி அம்மொழியிலேயே உண்டு. தமிழ் கற்ற மாணாக்கன் ஒருவன் நேரலை வகுப்பில் இதனை வினவுவானாயின், அவ்வொரு வினாவால் வகுப்பு முழுதும் பயன்பெறும். தமிழறியாத ஆசிரியராயின், அவரும் புதியதொன்று அறிவார்.

இனி, இம்முறையின் எல்லையைக் கூறுவாம். ஆசிரியர் எழுதியதை எழுத்துக்கு எழுத்து நோக்கி எழுதும் மாணாக்கன், வகுப்பின் முடிவில் அழகியதொரு பக்கத்தைக் கண்டு, தான் கற்றுவிட்டதாகக் களிப்பான். மறுநாள் வெறுந்திரையின்முன் அமருங்கால் ஒருவரியும் எழுதமாட்டான். பார்த்தெழுதுதல் வேறு, கற்றல் வேறு. ஆசான் உரைத்ததை நன்கு கொள்ளினும் கிடைப்பது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்னும் கருத்துப்படப் பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திற் கூறியுள்ளார். கணினியைக் கனவினும் காணாத காலத்துக் கூற்றாயினும், இக்கலைக்கு இதனினும் பொருந்துவது பிறிதில்லை. ஆதலின் நேரலைப் பாடம் முடிந்தபின்னரே கல்வி தொடங்குகின்றது என்க. ஆசிரியர் எழுதிய நிரலை மூடிவைத்துவிட்டுத் தானே மீளவும் எழுதுக. அதன்கண் ஒரு வரியை நீக்கி, எவ்வுறுப்புச் சிதைகின்றதென நோக்குக. பின்னர்த் தோழன் ஒருவனுக்கு அதனை விளக்குக. விளக்க இயலாத இடமே தான் அறியாத இடம் என்பது அப்பொழுது புலப்படும்.

கணினியின்றிக் கைப்பேசி ஒன்றே உடையார் நம்முட் பலர். சிறு திரையில் ஆசிரியரின் நிரலைக் காண்டலும், அதே திரையில் தான் எழுதலும் ஒருங்கே இயலா. அத்தகையோர் பாடத்தைக் கேட்டுக் குறிப்பெழுதிக்கொண்டு, பின்னர்க் கல்லூரிக் கணினியறையில் எழுதிப் பார்த்தல் நலம். கணினியுடையார் இருவர் மூவர் அவரைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளின், அவர்க்குக் கருவியும், இவர்க்கு விரித்துரைக்கும் வாய்ப்பும் ஒருங்கே வாய்க்கும்.

தமிழ் பயில்வார்க்கு இக்கலை எற்றுக்கு என்று சிலர் வினவலாம். 1712-இல் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தது. ஆயினும், தமிழெழுத்துக்கள் உலோகத்தில் வார்க்கப்பட்ட பின்னரே, சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அங்கே தமிழில் அச்சேறிற்று. பொறி இருந்தும் எழுத்து அமைப்பார் இல்லையேல் நூல் இல்லை. இக்காலத்து வலையும் அத்தகையதே. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் விலையின்றி உலவவிட்டனர். இன்னும் ஏறவேண்டிய நூல்களும், அவற்றைத் தேடவும் ஒப்புநோக்கவும் துணையாகும் பக்கங்களும் பல. புள்ளியிழந்த ‘தமிழ’வைக் கண்டு உள்ளம் வருந்துவார் யாரோ, அவரே அதனைத் திருத்தற்குரியார். ஆதலின் தமிழ் மாணாக்கர் இக்கலையைப் பிறர்க்குரியதென ஒதுக்காது, கேட்டும், எழுதியும், பிறர்க்கு உரைத்தும் பயில்வாராக.