புற்றுநோய்க்குப் பூனை மீசை மருந்தாகுமா? ஆய்வு சொல்வதும் சொல்லாததும்

டெங்கில் - புத்ராஜெயா நகரம் உருவாவதற்கு முன் அங்கிருந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இன்று டெங்கிலில் வசிக்கின்றன. கீழாநெல்லி, வல்லாரை, பூனை மீசை ஆகியவை தோட்டப்புறக் கை வைத்தியத்தில் நெடுங்காலமாக இருப்பவை. இவற்றுள் சிறுநீர்க் கல்லுக்குக் கொதிக்க வைத்துக் குடிக்கப்படும் பூனை மீசை, அதாவது ‘மிசாய் கூச்சிங்’, புற்றுநோயையும் கட்டுப்படுத்தும் என்ற பேச்சு இப்போது பரவலாக உள்ளது. இதில் எவ்வளவு உண்மை?

இப்பேச்சுக்கு அடிப்படையாக ஓர் ஆய்வு இருக்கிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யு.எஸ்.எம்.) ஆய்வாளர்கள் பூனை மீசை இலைச் சாற்றை எலியின் இரத்தக் குழாய்த் துண்டுகளில் சோதித்தனர். அவற்றிலிருந்து புதிய குழாய்கள் கிளைப்பது குறைந்தது. மனிதக் குடல் புற்றுநோய் அணுக்கள் செலுத்தப்பட்ட சுண்டெலிகளிலும் கட்டியின் வளர்ச்சி குறைந்ததாக 2012-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது.

கட்டிக்கும் இரத்தம் தேவை

புற்றுநோய்க் கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர அதற்கு உணவும் உயிர்வாயுவும் வேண்டும். அதற்காக அக்கட்டி இரசாயனச் சமிக்ஞை அனுப்பி, அருகிலுள்ள இரத்தக் குழாய்களைத் தன்பால் கிளைவிடச் செய்கிறது. அந்த வழியை அடைத்தால் கட்டியை ஒடுக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோல்க்மன் 1971-இல் கூறினார். அந்தக் கருத்தின் வழி வந்த ‘பெவசிசுமாப்’ மருந்து 2004-இல் குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மஞ்சளிலுள்ள குர்குமின், அமுக்கராவிலுள்ள வித்தஃபெரின் ஆகியவையும் ஆய்வுக்கூடத்தில் இதே தன்மையைக் காட்டியுள்ளன. ஆனால், குர்குமின் வாய்வழி உட்கொள்ளும்போது இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது. ஆய்வுக்கூடத்தில் அளந்து செலுத்தப்படும் சாறும் வீட்டில் காய்ச்சும் தேநீரும் ஒன்றல்ல. சுண்டெலியில் கிடைத்த பலன் மனிதருக்கும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை.

நன்மையே தீமையாகலாம்

புதிய இரத்தக் குழாய்கள் உடலுக்குத் தேவையானவையும்கூட. புண் ஆறுவதற்கும் கருவிலுள்ள குழந்தை வளர்வதற்கும் அவை வேண்டும். அதனால்தான் பெவசிசுமாப் பெறும் நோயாளிக்கு அறுவை சிகிச்சை என்றால், குறைந்தது 28 நாள்களுக்கு முன்பே அம்மருந்து நிறுத்தப்படுகிறது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்ட ‘தாலிடோமைட்’ மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டுடன் பிறந்தனர். அம்மாத்திரை இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது என்பது 1994-இல்தான் கண்டறியப்பட்டது.

நம் சமூகம் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது அதிகம். நீரிழிவு முற்றும்போது கண்ணின் விழித்திரையில் பலவீனமான புதிய குழாய்கள் முளைத்து, கசிந்து, பார்வையைப் பறிக்கலாம். அதே நோயாளியின் காலில் புண் இருந்தால், அது ஆறப் புதிய குழாய்கள் வேண்டும். கண்ணில் தடுக்க வேண்டியதைக் காலில் வளர்க்க வேண்டிய நிலை இது. எனவேதான் மருத்துவர்கள் கண்ணுக்குரிய மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகச் செலுத்துகின்றனர். குடிக்கும் கசாயத்தால் அப்படி இடம் பார்த்து வேலை செய்ய முடியாது.

என்ன செய்யலாம்?

• மூலிகை எதுவும் உட்கொண்டால் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். பூனை மீசை சிறுநீரைப் பெருக்கும். இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் முதலில் கேட்டறிவது நல்லது.

• கர்ப்பிணிகளும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போரும் தாமாக மூலிகைச் சாறு உட்கொள்ள வேண்டாம்.

• கடையில் வாங்கும் மூலிகை மாத்திரையில் ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கி ‘டி’ எழுத்தில் முடியும் பதிவெண் உள்ளதா எனப் பாருங்கள். புற்றுநோய், நீரிழிவு போன்ற நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் மருந்தை விளம்பரப்படுத்துவதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது.

• நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் இந்நோய்க்கு அறிகுறி இருக்காது.

பூனை மீசை நாளை ஒரு மருந்துக்கு வழிகாட்டக்கூடும். அதுவரை, அதை நம்பிப் புற்றுநோய் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது. தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் கட்டி வளர்வதற்கான காலமாகிவிடும்.