15 என்றால் ஃபெயில் மார்க்கா?

தடுப்பூசி போட்டுவிட்டு கிளினிக்கிலிருந்து வரும் அம்மாக்கள் சிலர் முகம் வாடி வருவார்கள். "பையன் எடையில் 15-தானாம்!"

டாக்டர் சொன்னது 15-ஆவது பெர்சன்டைல். நமக்கோ எண்ணைக் கேட்டால் மார்க் ஷீட்தான் ஞாபகம் வரும். அதே வயதுள்ள ஆரோக்கியமான 100 குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால், பையனுக்குக் கீழே சுமார் 15 பேர் நிற்பார்கள் என்பதே அதன் பொருள். மாதாமாதம் அதே கோட்டை ஒட்டி அவன் ஏறி வந்தால் கவலை வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வரைபடத்தில் 3, 15, 50, 85, 97 என ஐந்து கோடுகள் இருக்கும். ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து வரைந்தவை. தில்லியும் அதில் உண்டு, நம் எல்லைக்கு அப்பால் மஸ்கட்டும் உண்டு. "அதெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகளின் கணக்கு" என்ற சமாதானம் இங்கே செல்லாது!

எண்ணே போதாதா, கோடு எதற்கு? ஒரு பெண் குழந்தையைப் பாருங்கள். ஆறாம் மாதம் 7.3 கிலோ, பிறகு 7.4, 7.5, ஒன்பதாம் மாதமும் 7.5. கேட்டால் குறையில்லை என்றே தோன்றும். அட்டையில் புள்ளி வைத்தால்தான் தெரியும்: 50-ஆம் கோடு 8.2-க்கு ஏறிவிட்டது, இவள் 15-ஐ நோக்கி இறங்குகிறாள். டாக்டர் கவனிக்க வேண்டியது இவளைத்தான்.

மனித மூளையின் இயல்பு அப்படி. 1984-இல் கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். ஒரே அளவுகோலில் உள்ள புள்ளிகளை ஒப்பிடும்போது கண் குறைவாகத் தவறுகிறது. நீளத்தையும் கோணத்தையும் ஒப்பிடும்போது தவறு கூடுகிறது. வளர்ச்சி அட்டையில் அச்சுக் கோடும் குழந்தையின் புள்ளியும் ஒரே அளவுகோலில்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதை நம்பியே நடந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு அட்டையில் குறித்தார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைகளைக் கண்டுபிடித்துக் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள்.

ஆனால் கண் ஏமாறும் இடமும் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்குப் போய் இரண்டு மாதம் புள்ளியே இல்லையென்றால், இருக்கும் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு நேராகத் தெரியும். நடுவில் வந்த இறக்கம் மறைந்துவிடும்.

முதல் இரண்டு வருடங்களில் கோடு சற்று மாறுவது சகஜம். இரண்டு அச்சுக் கோடுகளைத் தாண்டி இறங்கினாலும் சரி, ஏறினாலும் சரி, டாக்டரிடம் காட்டுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது அட்டை பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும். அங்கே எடை பார்த்தால் அதே அட்டையில் தேதியோடு குறிக்கச் சொல்லுங்கள், சட்டை, செருப்பைக் கழற்றிவிட்டு!